தூங்குமூஞ்சி மரத்துக்கு எத்தனை சிசி?

2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா புயல் சென்னையையொட்டிக் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று ஓய்ந்தபோது நகரத்தின் தெருக்களில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயில்கொன்றை என்று நிழலுக்காக நட்ட அயல்நாட்டு மரங்கள்தாம் அதிகம். ஒரு பக்கம் தார், மறு பக்கம் கால்வாய்ச் சுவர் என்று வளர்ந்தவை அவை. வேர் ஆழமாகப் போக வழியில்லாததால் நட்ட கம்பத்தைப் பிடுங்கியதுபோல் அடியோடு சாய்ந்தன. அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், தீயணைப்புத் துறையினர், மாநகராட்சி ஊழியர்கள் ஆகியோர் கையில் அன்று இருந்த முக்கியமான ஆயுதம், ‘பவர் சா’ என்று பலரும் சொல்லும் செயின் சா. அது இல்லாத தெருக்களில் அரிவாளும் கோடரியும் கைரம்பமும் நாள்கணக்கில் வேலை செய்தன.

அதன் பிறகு 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ், 2023இல் மிக்ஜாம். ஒவ்வொரு புயல் முடிந்ததும் வடசென்னைப் பக்கம் எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களும், ஆலை வளாகங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர்களும், மரம் வெட்டிப் பிழைக்கும் குழுக்களும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “இருப்பதிலேயே பெரிய மெஷின் எது?”

கேள்வியே தவறு என்பது என் கட்சி. பெரிய மெஷின் தேவைப்படும் வேலை உண்டு. ஆனால் விழுந்த ஒரு மரத்தில் அந்த வேலை ஐந்தாறு வெட்டுகளோடு முடிந்துவிடும். மீதி நூறு வெட்டும் கிளைகளில்தான். கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது, கையில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் நிற்கும் மரங்களின் சுற்றளவை அளப்பது. வந்த எண்ணை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 3 மீட்டர் சுற்றளவுள்ள தூங்குமூஞ்சி மரத்தின் விட்டம் சுமார் 95 சென்டிமீட்டர். அப்படி எத்தனை மரம் இருக்கிறது, ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, செயினில் இருக்கிறது. வாங்குபவர்கள் இன்ஜினைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் செயினைப் பற்றிக் கேட்பதில்லை. மரத்தை அறுப்பது இன்ஜின் அல்ல, பல். இன்ஜின் பல்லை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பல்லின் கதை சுவையானது. தொடக்க காலச் செயின்களில் கைரம்பத்தின் பல்லையே அப்படியே வரிசையாகக் கோத்திருந்தார்கள். அது மரத்தைக் கீறிக் கீறித் தூளாக்கும், சீக்கிரம் மழுங்கும், ஒரு நாளில் பாதி நேரம் அரத்தோடு போகும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ், ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். விரல் பருமன் புழு, நார் ஓடும் திசையிலும் குறுக்கிலும் ஒரே வேகத்தில் மரத்தைத் தின்றுகொண்டு போனது. அதன் தாடைகள் இரண்டும் வளைந்த உளி போன்றவை. ஒன்று இடப்பக்கம் சீவும், மற்றது வலப்பக்கம் சீவும். காக்ஸ் அந்தத் தாடையை இரும்பில் செய்து பார்த்தார். 1947இல் விற்பனைக்கு வந்த அந்தச் செயினின் வடிவம்தான், சிறு மாறுதல்களோடு, இன்று உலகமெங்கும் ஓடுகிறது. நம் ஊரில் எந்தப் பிராண்ட் மெஷினை எடுத்தாலும் அதன் செயினில் ஒரு பல் இடமும் அடுத்த பல் வலமும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் அந்தப் புழு கொடுத்தது.

செயினைக் கையில் எடுத்து ஒரு பல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். (மெஷினை அணைத்துவிட்டு, கையுறையோடு.) பின்பக்கம் உளி முனை. முன்பக்கம் ஒரு சிறு திமில். உளியைவிடத் திமில் சற்றே தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 0.65 மில்லிமீட்டர். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தத் திமில்தான். அது அதிகம் உயர்ந்திருந்தால் பல் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். “நல்லா கடிக்கட்டும்” என்று அதை அளவுக்கு மேல் அராவிவிட்டால், பல் ஆழமாகப் புதைந்து மெஷின் திணறும், கையையும் உதறும். நல்ல செயின் சீவல் தள்ளும். மழுங்கிய செயின் மாவு தள்ளும். காலடியில் விழுவதைப் பார்த்தாலே அரம் போட நேரம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பெரிய மெஷின்களில் பரவலாக ஓடும் செயினின் அளவை ‘எட்டில் மூன்று இஞ்ச் பிட்ச்’ என்பார்கள்; அதாவது 9.5 மில்லிமீட்டர். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நீளத்தை அளந்து இரண்டால் வகுத்தால் இது வரும். இந்தச் செயினில் 38 மில்லிமீட்டருக்கு ஒரு பல். செயினை இழுக்கும், ஏழு பல் கொண்ட ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுச் சுற்றினால் செயின் 133 மில்லிமீட்டர் நகரும். இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால், செயினின் வேகம் நொடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். ஒரு நொடியில் ஒரே இடத்தை ஏறக்குறைய 580 பற்கள் கடந்து போகின்றன.

30 சென்டிமீட்டர் கிளையை அறுக்கும்போது ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருப்பவை 8 பற்கள். 90 சென்டிமீட்டர் அடிமரத்தில் பாரை (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை) முழுக்க இறக்கினால் 24 பற்கள். 3 கிலோவாட் மெஷின் கிளையை அறுக்கையில் பல்லுக்கு 375 வாட் கிடைக்கிறது. அதே மெஷின் அடிமரத்தில் இறங்கினால் பல்லுக்கு 125 வாட்தான். பல் சீவுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும், சூடு ஏறும், க்ளட்ச் வழுக்கும். 5.4 கிலோவாட் கொண்ட பெரிய மெஷினை வைத்தால் பல்லுக்கு 225 வாட். ஆக, கிளையில் சிறிய மெஷின் ஓடும் சுறுசுறுப்பு, அடிமரத்தில் எவ்வளவு பெரிய மெஷினுக்கும் வராது. பெரிய மெஷின் வேகத்துக்காக அல்ல. அடிமரத்தில் செத்துப்போகாமல் இருப்பதற்காக. பல்லை இன்னும் இடைவெளி விட்டு, 57 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோத்த செயினும் உண்டு. நீண்ட பாரில் அதைப் போட்டால் 24 பல் 16 ஆகும். ஒவ்வொன்றுக்கும் பங்கு கூடும். சீவலும் அடைத்துக்கொள்ளாமல் வெளியேறும்.

இன்ஜினின் கொள்ளளவைச் சொல்லும் சிசி என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நம்மில் ஏராளம். இணையத்தில் மலிவாக வரும் மெஷின்களின் பெட்டியில் 58 சிசி, 62 சிசி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மூலையில் பொடி எழுத்தில் தேடினால் திறன் 2 கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 261 வெறும் 50 சிசி, தருவது 3 கிலோவாட், எடை 4.9 கிலோ. சிலிண்டருக்குள் கலவை நுழையும், புகை வெளியேறும் வழிகளின் வடிவமும், இன்ஜின் எத்தனை சுற்று வரை தாங்கும் என்பதும் சேர்ந்துதான் திறன். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை கிலோவாட், எத்தனை கிலோ.

பெரிய தொழில்முறை மெஷின்களின் திறனை நம் கண்ணுக்குப் பழகிய ஒன்றோடு வைத்துப் பார்க்கலாம். 97 சிசி ஸ்ப்ளெண்டர் பைக்கின் இன்ஜின் ஏறக்குறைய 5.9 கிலோவாட் தருகிறது. ஸ்டில் எம்எஸ் 661 என்ற 91 சிசி மெஷின் தருவது 5.4 கிலோவாட், பாரும் செயினும் இல்லாமல் எடை 7.4 கிலோ. இருவரை ஏற்றிக்கொண்டு மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் போகும் இழுவையை இரண்டு கையில் தூக்கிப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பியும் இதே வகுப்பு: 94 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. இவற்றுக்கும் மேலே 120 சிசி மெஷின்கள் உண்டு. 10 கிலோவைத் தொடும் அவை, பெரிய கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுக்க நல்லவை. புயலில் விழுந்த மரத்துக்கு அவற்றைக் கொண்டுபோவது வீண் சுமை.

இத்தனை சின்ன உடம்பில் இத்தனை வலு எப்படி என்றால், டூ ஸ்ட்ரோக். பைக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிதல். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும். ஆயில் தனித் தொட்டியில் இல்லாமல் பெட்ரோலோடு கலந்தே போவதால், மெஷினைச் சாய்த்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் இன்ஜினுக்கு உயவு தடைபடாது. பைக் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். சாய்த்தால் பெட்ரோல் வழியும். இதில் மிதவைக்குப் பதில் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். பைக் மெக்கானிக்கிடம் செயின் சாவைக் கொடுத்து வீணாக்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் செலவோடு தெரிந்திருக்கும்.

பாரின் நீளத்துக்கு வருவோம். “90 சென்டிமீட்டர் மரத்துக்கு 36 இஞ்ச் பார் வேண்டும்” என்பது பலரும் போடும் கணக்கு. தேவையில்லை. ஒரு பக்கம் பாதி அறுத்து, மறுபக்கம் போய் மீதியை அறுக்கலாம். 24 இஞ்ச் பாரால், பழகிய கை, ஒரு மீட்டர் விட்டத்தையே இரண்டு பக்கமாக முடித்துவிடும். நீண்ட பார் என்றால் மூக்கில் கூடுதல் எடை, கூடுதல் பல், தீட்டக் கூடுதல் நேரம், மறுபக்கத்தில் நிற்பவர் காலில் படும் ஆபத்து. மறுபக்கம் போகவே முடியாத இடம், சுவரையொட்டிக் கிடக்கும் அடிமரம், இவற்றுக்கு மட்டுமே 36 இஞ்ச் நியாயம்.

இனி மரம். தூங்குமூஞ்சி பருமனாக இருந்தாலும் மென்மையான மரம், ஈரம் நிறைந்தது. 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள அதன் ஒரு மீட்டர் துண்டு அரை டன்னுக்கு மேல் கனக்கும், ஆனால் செயினுக்கு வெண்ணெய். புளி நேர்எதிர். காய்ந்த புளியங்கட்டை கனமீட்டருக்கு 900 கிலோ அளவு இருக்கும். பாதி பருமனுள்ள புளி, தூங்குமூஞ்சியைவிட அதிகம் படுத்தும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. தென்னையும் பனையும் உண்மையில் புல்லினத்துக்கு நெருங்கிய உறவு. அவற்றில் வளையங்கள் கிடையாது. வெளிப்புறம் இரும்பாகவும் நடுவே பஞ்சாகவும் இருக்கும். வெளி வைரத்தின் நார்க்கட்டுகள் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். நடுவில் போனதும் மெஷின் திடீரென்று உள்ளே வழுக்கி இறங்கும். பருமன் குறைவு, எனவே பெரிய மெஷின் வேண்டாம். உபரியாக இரண்டு தீட்டிய செயின் வேண்டும். (பனையைத் தொடுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்திருக்கிறது. பொது இடத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. மெஷின் கையில் இருப்பதே அனுமதி ஆகாது.)

வள்ளூரைச் சுற்றி உப்பேறிய தரிசுகளில் அதிகம் நிற்பது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மரம் வலிமையானது, ஆனால் ஒல்லி, அடியிலிருந்தே நாலைந்து தண்டுகளாகப் பிரியும், முள் வேறு. இதற்கு 90 சிசி மெஷின் எடுத்துப் போகிறவர், ஒரு நாள் முடிவில் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். 50 சிசி போதும். 16 இஞ்ச் பார் போதும்.

ஆனால் இந்தப் பகுதிக்கே உரிய எதிரி மரத்துக்குள் இல்லை, பட்டையின் மேல் இருக்கிறது. வள்ளூரில் 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளுடன் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையம், சாம்பல் குளங்கள், நிலக்கரி லாரிகள். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம். அந்தச் சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா. சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ், எஃகைவிடக் கடினமானது. செயின் பல்லின் மேல் மெல்லிய குரோம் பூச்சு இருக்கும். கூர்மையைக் காப்பது அதுதான். ஆண்டுக்கணக்காகத் தூசியும் சாம்பலும் படிந்த பட்டையை அறுக்கும்போது அந்தப் பூச்சின் விளிம்பு முதலில் உதிர்கிறது. அதன்பின் வரும் வெட்டெல்லாம் உராய்வுதான். இதற்கு மருந்து கூடுதல் சிசி அல்ல. வெட்டப்போகும் இடத்தில் பட்டையைக் கோடரியால் செதுக்கி எடுப்பது, அல்லது ஒரு குடம் தண்ணீரால் கழுவுவது. செயினிலும் தேர்வு உண்டு. கூரான சதுர மூலை கொண்ட பல் சுத்தமான மரத்தில் பறக்கும், தூசி பட்டால் ஒரு வெட்டிலேயே படுத்துவிடும். மூலை உருண்ட பல் கொஞ்சம் மெதுவானது, ஆனால் அழுக்கைத் தாங்கும். எண்ணூர் முதல் மீஞ்சூர் வரை இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். தெருமரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி, கேபிள் கம்பி, மரம் விழுங்கிவிட்ட கூண்டு இரும்பு எல்லாம் உள்ளே இருக்கும். மீட்புப் பணிக்கென்றே கார்பைடு பல் வைத்த செயின் உண்டு; விலை பல மடங்கு; சாதாரண அரம் அதன்மேல் ஏறாது, வைரச் சாணை வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு அது சரி. தனியார் குழுவுக்குக் கட்டுப்படியாகாது.

புயலில் விழுந்த மரம், நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. விழுந்துவிட்டதே, இனி என்ன ஆகும் என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும். விழுந்த மரம் சும்மா கிடப்பதில்லை, வளைந்து கிடக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு முனையும் தரையில் மறு முனையும் தாங்க, நடு அந்தரத்தில் தொங்கினால் மேற்பக்கம் அமுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் பாதியில் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விக்கொள்ளும். எத்தனை கிலோவாட் இருந்தாலும் அதைப் பிடுங்க முடியாது. அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில் அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து வந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறு முனை தொங்கினால் கணக்கு தலைகீழ்: மேலே இழுவை, கீழே அமுக்கம். வெட்டின் வாயைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது விரிகிறதா சுருங்குகிறதா என்று தெரியும். சுருங்கினால் உடனே பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைத் தட்டிவிட வேண்டும். இரும்பு ஆப்பு கூடாது. செயின் பட்டால் பல் தெறிக்கும்.

இதைவிடப் பெரிய பொறி வேர்த்தட்டு. அடியோடு சாய்ந்த மரத்தின் வேரும் மண்ணும் ஒரு சுவர்போல் எழுந்து நிற்கும். பல டன் எடை. அதைச் சாய்த்து வைத்திருப்பது, நெம்புகோல்போல் எதிரே கிடக்கும் அடிமரத்தின் கனம்தான். வேருக்கு அருகே அடிமரத்தைத் துண்டித்த மறுகணம் தட்டு தன் குழிக்கே திரும்பி விழலாம், அல்லது அறுப்பவர் பக்கம் கவிழலாம். குழிக்குள் சிறுவர்கள் இறங்கி விளையாடுவதையும், பெரியவர்களே நின்று வேடிக்கை பார்ப்பதையும் எந்தப் புயலுக்குப் பிறகும் காணலாம். அடிமரத்தில் கணிசமான நீளத்தை வேரோடு விட்டு அறுப்பதும், தட்டை ஜேசிபி கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வதும், குழியைச் சுற்றி ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொள்வதும் முதல் வேலை. மரத்தோடு மின்கம்பி பின்னியிருந்தால், மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டேன் என்று நேரில் சொல்லும் வரை மெஷினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எண்ணெய், எரிவாயுக் கிடங்கு வளாகங்களுக்குள் விழுந்த மரத்துக்குப் பெட்ரோல் மெஷின் கொண்டுபோக, நெருப்பு வேலைக்கான எழுத்து அனுமதி வேண்டும். இந்தப் பகுதியில் ஓடும் கொசஸ்தலையாற்றின் இரு கரையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“மெஷின் உதைக்கும்” என்று அனுபவசாலிகள் எச்சரிப்பதன் பின்னணியும் எளிய இயற்பியல். பாரின் மூக்கில் மேல் கால்வட்டம் மரத்தில் பட்டால், அங்கே திரும்பிக்கொண்டிருக்கும் பல் அளவுக்கு மீறி ஆழமாகக் கடித்துச் சிக்கிக்கொள்ளும். செயின் முன்னே போக முடியாது. எனவே பார் பின்னே வரும், அதுவும் வளைந்து மேலே, அறுப்பவரின் முகத்தை நோக்கி. கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 1970களில் வந்த செயின் பிரேக் இதற்காகத்தான். முன் கைக்காப்பு மணிக்கட்டில் இடித்தாலோ, மெஷின் வெட்டியிழுக்கும் வேகத்திலோ, செயின் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் நின்றுவிடும். வாங்கும்போது கடையிலேயே அதை இயக்கிப் பாருங்கள். பிரேக் சரியாகப் பிடிக்காத மெஷின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெரிய மெஷினோடு மரத்தின்மேல் ஏறுவது தற்கொலை. ஏறுபவருக்கு மேல் கைப்பிடி வைத்த சின்ன மெஷின் தனியாக இருக்கிறது.

காலுக்குப் போடும் பாதுகாப்புத் துணியிலும் ஒரு நுட்பம் உண்டு. அது செயினைத் தடுப்பதில்லை. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட இழைகள் செயினில் சுற்றிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டை அடைத்து நிறுத்திவிடும். அதனால் அதற்கு வேக வரம்பு உண்டு: முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், இரண்டாவது 24, மூன்றாவது 28. மேலே போட்ட கணக்கில் நம் செயின் 22 மீட்டரில் ஓடியது. ஆக, பெரிய மெஷினுக்கு முதல் வகுப்புத் துணி போதாது. சென்னை வெயிலில் முழுக் கால்சட்டை வேகும். முன்பக்கம் மட்டும் மறைத்துப் பின்னால் வார் கட்டும் வகை தாங்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு 90 சிசி மெஷினை ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதிர்வும் சேர்ந்தே வருகிறது. எட்டு மணி நேர வேலைக்குக் கை தாங்கும் அதிர்வு நொடிக்கு நொடி 5 மீட்டர் முடுக்கம் வரைதான் என்பது ஐரோப்பிய வரம்பு, 2.5ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் விரல் நரம்பும் ரத்தக் குழாயும் கெடும். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போவது காட்டிக்கொடுத்துவிடும். நம் வெக்கையில் வெளுப்பு எளிதில் தெரியாது; இரவில் கை மரத்துப்போவதுதான் அறிகுறி, அதையும் “வேலைக் களைப்பு” என்று விட்டுவிடுகிறோம்.

வாங்கிய மெஷின் நீடிப்பதற்கும் இந்த ஊர்க் காற்றுக்கும் நேரடித் தொடர்பு. தொழில்முறை மெஷின்களின் இன்ஜின் உறை மெக்னீசியக் கலப்பு. எடை குறைய அதுவே காரணம். கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களில் மெக்னீசியம் அளவுக்கு எளிதில் அரிபடுவது வேறில்லை, அதுவும் உப்புக் காற்றில் எஃகு போல்ட்டோடு ஒட்டி இருக்கும்போது. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று பார்த்து, துடைத்துப் பூசிவிட வேண்டும். கடலோர வேலை முடிந்ததும் துடைக்காமல் சாக்கில் சுருட்டி வைத்தால் அடுத்த புயலுக்கு போல்ட் கழலாது.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பல மெஷின்களின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் கலவை இளைத்து, சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும். பிஸ்டன் ஒட்டிக்கொள்ள அதுவே போதும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். கரையோர ஈரத்தில் மாதக்கணக்கில் கேனில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எனவே ஒரு லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ-டி ஆயில் கலந்து, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். மெஷினை மூட்டை கட்டும் முன் தொட்டியைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்புரேட்டர் அல்லது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள மெஷினுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஸ்டில் எம்எஸ் 500i அந்த வகை: 79 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ.

செயினுக்கு ஊற்றும் ஆயிலில்தான் நாம் அதிகம் மிச்சம் பிடிக்கிறோம். பழைய வண்டி ஆயிலை ஊற்றுவது ஊரறிந்த ரகசியம். பாரின் மூக்கில் திரும்பும்போது புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான விசை அந்த எண்ணெயை வெளியே எறிகிறது. ஒட்டும் தன்மையுள்ள பார் ஆயில் மட்டுமே அதைத் தாக்குப்பிடிக்கும். வண்டி ஆயில் முழுக்கப் பறந்து மண்ணிலும், ஆற்றிலும், அறுப்பவர் மூக்கிலும் சேரும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்த ஊர் இது. நாமும் நம் பங்குக்கு ஊற்ற வேண்டியதில்லை.

நான்கு பேர் கொண்ட ஒரு குழு வள்ளூரிலிருந்து வந்து என்னைக் கேட்டால் சொல்வது இதுதான். முதலில் 50 சிசி, 3 கிலோவாட் மெஷின், 18 இஞ்ச் பாருடன். நூற்றில் எண்பது வேலை இதில் முடியும். அடுத்து 70 முதல் 80 சிசிக்குள், 4 கிலோவாட்டுக்குக் குறையாமல் ஒன்று. 24 இஞ்ச் பார். உருண்ட மூலைச் செயின் மூன்று. 90 சிசியும் 36 இஞ்ச் பாரும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ ஒன்று இருந்தால் போதும். தனியார் வாங்க வேண்டியதில்லை. அந்த மிச்சப் பணத்தில் இரண்டாம் வகுப்புக் கால் பாதுகாப்புத் துணி நான்கு, முகவலையோடு கூடிய ஹெல்மெட் நான்கு, காதடைப்பு நான்கு, பிளாஸ்டிக் ஆப்பு ஆறு, சரியான அளவு உருண்டை அரம் ஒரு டஜன் வாங்குங்கள். எந்தப் பிராண்ட் என்பதை, உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் எந்தப் பிராண்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறார்களோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் வாங்கி, அக்டோபரில் ஒரு காய்ந்த புளியங்கட்டையில் பழகிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் கடையில் செயின்கூடக் கிடைக்காது.